சராசரி 98.6 தானா? டி டெஸ்ட் உண்மையில என்ன கேக்குது

கேள்வி கேட்ட தம்பி பிஎஸ்சி ரெண்டாவது வருஷம் படிக்கிறதா சொல்லிருக்கார். அவர் கேட்டது சுருக்கமா இதுதான். ஒரு பேட்டரி 40 மணி நேரம் ஓடும்னு கம்பெனி சொல்லுது, வாங்குனவங்க சீக்கிரமே தீந்துடுதுன்னு புகார் சொல்றாங்க, 16 பேட்டரிய எடுத்து ஓட்டிப் பாத்ததுல சராசரி 38.5 மணி, திட்ட விலக்கம் 3 மணி. கம்பெனி சொல்றது சரியான்னு 5 சதவீத அளவுல, அதாவது சரியா இருந்தும் தப்புன்னு சொல்லிடுற வாய்ப்பு 5 சதவீதத்தை தாண்டாம, சோதிக்கணும். தம்பிக்கு டி மதிப்பு மைனஸ் 2 வந்துருக்கு, எதை தாண்டுனா நிராகரிக்கணும்னு எல்லை போட்டிருக்கற டேபிள்ல 2.131 பாத்துட்டு "இன்மை கருதுகோளை (அதாவது சராசரி 40 மணி தான்ங்கிற ஆரம்ப அனுமானத்தை) ஏற்கிறோம்"னு எழுதிட்டார். பக்கத்து பெஞ்சு ஃப்ரெண்டுக்கும் அதே மைனஸ் 2 தான், ஆனா அவர் டேபிள்ல 1.753ஐ பாத்து "நிராகரிக்கிறோம்"னு எழுதிட்டார். ஒரே டேட்டா, ரெண்டு பதில். "ஃபார்முலா எல்லாம் மனப்பாடமா தெரியும், ஆனா நான் என்ன பண்றேன்னே எனக்கு தெரியல"ன்னு முடிச்சிருந்தார். அந்த கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், ஏன்னா நானும் அந்த நிலைமைல நாலஞ்சு வருஷம் இருந்திருக்கேன்.

பேட்டரிய கொஞ்சம் ஓரமா வெச்சுடுவோம், கடைசில வரேன். எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு நம்பரை எடுத்துக்குவோம். 98.6. தெர்மாமீட்டர வாய்ல வெச்சு பாத்து 98.6க்கு மேல போனா அம்மா நெத்திய தொட்டு பாக்குற அந்த 98.6. இது எங்கருந்து வந்துச்சுன்னா ஜெர்மனில லைப்சிக் ஊர்ல கார்ல் வுண்டர்லிஷ்னு ஒரு டாக்டர், சுமார் 25,000 நோயாளிகள்கிட்ட பத்து லட்சத்துக்கும் மேல ரீடிங் எடுத்து, 1868ல புத்தகமா போட்டார், அதுல நார்மல் உடம்பு சூடு 37 டிகிரி செல்சியஸ்னு வருது. அக்குள்ல வெச்சு எடுத்த ரீடிங் அதெல்லாம். 37ங்கிற முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாத்துனா 98.6 வருது, அந்த புள்ளி ஆறு பாக்க ரொம்ப துல்லியமா தெரியும், ஆனா அந்த துல்லியம் கணக்கு மாத்துனதுல வந்ததே தவிர உடம்புல இருந்து வந்ததில்ல.

நூறு வருஷத்துக்கு மேல யாரும் பெருசா கேள்வி கேக்கல. 1992ல அமெரிக்காவுல மேரிலேண்ட்ல ஃபிலிப் மக்கோவியாக்ங்கிற டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 148 ஆரோக்கியமான ஆளுங்கள்ட்ட, 18லருந்து 40 வயசு வரைக்கும், வாய்ல வெச்சு மொத்தம் 700 ரீடிங் எடுத்து பாத்தாங்க. சராசரி 98.2 தான் வந்துச்சு. அந்த பேப்பர்ல இருந்த படத்தை வெச்சு 1996ல ஆலன் ஷூமேக்கர்ங்கிற பேராசிரியர் பசங்களுக்கு பாடம் நடத்த வசதியா 130 பேர் டேட்டாவா, 65 ஆண் 65 பெண், ஒரு லிஸ்ட் தயார் பண்ணார், ஒரிஜினல் படத்தோட ஒத்துப்போற மாதிரி அமைச்சது. உலகம் பூரா ஸ்டாட்ஸ் கிளாஸ்ல ஓடுற டேட்டா அது. சராசரி 98.249, திட்ட விலக்கம் 0.733.

இப்ப கேள்வி என்ன? முழுமைத்தொகுதியோட சராசரி, அதாவது ஆரோக்கியமான பெரியவங்க எல்லாரோட சராசரி சூடு, 98.6 தானா? நம்மகிட்ட எல்லாரும் இல்ல, 130 பேர் தான் இருக்காங்க. 130 பேர் சராசரி 98.249. வித்தியாசம் 0.351 டிகிரி. இந்த 0.351 பெருசா சின்னதா?

இங்கதான் தம்பி நிக்கணும், மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வில இருக்கு. 0.351ங்கிறது தனியா பாத்தா பெருசும் இல்ல சின்னதும் இல்ல. எதோட ஒப்பிட்டு சொல்றீங்கங்கிறதுதான் விஷயம். ஒரு தனி ஆளோட சூடு சராசரிலருந்து சாதாரணமாவே 0.7 டிகிரி அளவுக்கு தள்ளி இருக்கும், அதுதான் திட்ட விலக்கம். அதோட ஒப்பிட்டா 0.351 பாதிதான், ஒண்ணுமே இல்ல. ஆனா நாம தனி ஆளை பாக்கல, 130 பேரோட சராசரிய பாக்குறோம். ஒருத்தர் கொஞ்சம் சூடா இருப்பார் ஒருத்தர் கொஞ்சம் குளிர்ச்சியா இருப்பார், சேத்து சராசரி எடுக்கும்போது அந்த மேல கீழ எல்லாம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கிட்டு போயிடும். அதனால சராசரி தனி ஆளை விட ரொம்ப கம்மியாத்தான் ஆடும். எவ்வளவு கம்மினா எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்துக்கணும். 130ஓட வர்க்கமூலம் 11.4, 0.733ஐ 11.4ஆல வகுத்தா 0.064. இதுதான் திட்டப்பிழை. வேற வேற 130 பேரா மறுபடி மறுபடி எடுத்தா சராசரி எவ்வளவு ஆடும்ங்கிறதோட அளவு இது.

இப்ப 0.351ஐ 0.064 கூட ஒப்பிடுங்க. அஞ்சரை மடங்கு. அதுதான் டி மதிப்பு, சுமார் 5.5, கம்மியா வந்ததால மைனஸ். டி மதிப்புங்கிறது வேற ஒண்ணுமே இல்ல தம்பி, "வித்தியாசம், வழக்கமான ஆட்டத்தை போல எத்தனை மடங்கு?" அவ்வளவுதான். நான் படிக்கும்போது இதை யாராவது இப்படி ஒரு வரில சொல்லிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு இன்னைக்கும் தோணும், மேல எக்ஸ் பார் மைனஸ் மியூ கீழ எஸ் பை ரூட் என்னுன்னு தான் போர்டுல எழுதி போட்டாங்க.

அடுத்து பி வேல்யூ. உண்மையாவே எல்லாரோட சராசரி 98.6 தான்னு வெச்சுக்குவோம். அப்படி ஒரு உலகத்துல 130 பேரை எடுத்தா, சராசரி 98.6லருந்து மேலயோ கீழயோ இவ்வளவு தூரம் தள்ளிப் போறது எத்தனை தடவை நடக்கும்? ஒரு கோடி தடவை எடுத்தா ரெண்டு மூணு தடவை. அந்த வாய்ப்புதான் பி வேல்யூ. அப்ப நமக்கு ரெண்டு வழிதான், ஒண்ணு அந்த கோடில ரெண்டு மூணு நம்ம தலையில வந்து விழுந்துச்சுன்னு நம்பணும், இல்லன்னா 98.6ங்கிற ஆரம்பமே தப்புன்னு விடணும். நாம விடுறோம். அதுக்குப் பேர்தான் நிராகரிக்கிறது.

தம்பி கேள்வி நடுவுல "பி வேல்யூ 0.03ன்னா இன்மை கருதுகோள் உண்மையா இருக்க 3 சதவீதம் சான்ஸ்தானே"ன்னும் ஒரு வரி போட்டிருந்தார். இல்லவே இல்ல. பலபேர், வேலைல இருக்குறவங்க கூட, இதுலதான் வழுக்கி விழுவாங்க. மழை பெஞ்சா தெரு நனைஞ்சிருக்கறதுக்கு கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு வாய்ப்பு. ஆனா காலைல எந்திரிச்சு பாக்குறீங்க தெரு நனைஞ்சிருக்கு, மழை பெஞ்சிருக்கறதுக்கு நூத்துக்கு நூறு வாய்ப்பா? தண்ணி லாரி போயிருக்கலாம், யாரோ வாசல் தெளிச்சிருக்கலாம். ஏப்ரல் மாசம்னா லாரின்னு நினைப்பீங்க, நவம்பர்னா மழைன்னு நினைப்பீங்க, அந்த மாசம் என்னங்கிற தகவல் தெருவுல இல்ல. பி வேல்யூ முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, கருதுகோள் உண்மைன்னா இந்த டேட்டா எவ்வளவு அபூர்வம்னு. டேட்டா இப்படி இருக்கே, கருதுகோள் உண்மையாங்கிற ரெண்டாவது கேள்விக்கு அது பதில் சொல்லாது, அதுக்கு வெளியில இருந்து வேற தகவல் வேணும். இந்த குழப்பம் எவ்வளவு பரவிப்போச்சுன்னா 2016ல அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டிகல் அசோசியேஷனே இதுக்குன்னு ஒரு அறிக்கை விட வேண்டியதா போச்சு.

சரி, "ஏற்கிறோம்" விஷயத்துக்கு வரேன். அதே உடம்பு சூடு. 130 பேருக்கு பதிலா 10 பேர் தான் கிடைச்சாங்கன்னு வெச்சுக்கோங்க, சராசரியும் திட்ட விலக்கமும் அதே தான் வந்துச்சுன்னும் வெச்சுக்கோங்க. இப்ப திட்டப்பிழை 0.733ஐ 3.16ஆல வகுத்து 0.232. டி மதிப்பு 1.51. டேபிள்ல 9 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்க்கு (ஆள் எண்ணிக்கைல ஒண்ணு கம்மி) 2.262. தாண்டல. நிராகரிக்க முடியல. அப்ப சராசரி 98.6 தான்னு நிரூபணம் ஆயிடுச்சா? அதே 98.249 தானே கண்ணு முன்னாடி நிக்குது! உலகம் மாறல, நம்ம ஆள் எண்ணிக்கைதான் மாறுச்சு. 10 பேரை வெச்சு இந்த அளவு வித்தியாசத்தை கண்டுபிடிக்க கிளம்புனா நூத்துல கிட்டத்தட்ட எழுபது தடவை கோட்டை விட்டுருவோம். எண்பது தடவையாவது கண்டுபிடிக்கணும்னா குறைஞ்சது 36, 37 பேராவது வேணும். ஆக நிராகரிக்க முடியலன்னா அதுக்கு அர்த்தம் "இந்த டேட்டா பத்தல" மட்டும்தான். சாவிய பைக்குள்ள தேடி கிடைக்கலன்னா, கைய விட்டு நல்லா துழாவுனீங்களா இல்ல மேலாப்புல எட்டிப் பாத்தீங்களாங்கிறதை பொறுத்துத்தான் "பைல இல்ல"ன்னு சொல்ல முடியும். அதனாலதான் "ஏற்கிறோம்"னு எழுதாதீங்க, "நிராகரிக்க போதுமான ஆதாரம் இல்லை"ன்னு எழுதுங்கன்னு சொல்றது. வார்த்தை ஜாலம் இல்ல அது.

பெரிய சாம்பிளுக்கு 5 சதவீத எல்லையா வர்ற 1.96 இல்லாம ஏன் 2.262ன்னு கேப்பீங்க. இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு, உண்மையான கதை. டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வில்லியம் சீலி காசெட்னு ஒருத்தர் வேலை பாத்தார். பார்லி, பீருக்கு கசப்பு குடுக்குற ஹாப்ஸ் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணணும், ஆனா ஒவ்வொரு டெஸ்ட்டும் செலவு, நாலு அஞ்சு சாம்பிள் தான் கிடைக்கும். அந்த காலத்து முறை எல்லாம் நூறு இருநூறுன்னு பெரிய சாம்பிளுக்கு. பிரச்சனை என்னன்னா முழுமைத்தொகுதியோட திட்ட விலக்கம் நமக்கு தெரியாது, அதையும் அதே நாலு சாம்பிள்ல இருந்துதான் அளக்குறோம், நாலு நம்பர்ல அளந்த திட்ட விலக்கம் சில சமயம் ரொம்ப சின்னதா வந்து தொலைக்கும், அப்ப டி மதிப்பு சும்மாவே பெருசாயிடும், இல்லாத வித்தியாசம் இருக்குற மாதிரி தெரியும். இந்த ஏமாத்து எவ்வளவுன்னு காசெட் கணக்கு போட்டார். கணக்கு போட்டதோட விடல. 3000 கைதிகளோட உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அளந்த பழைய டேட்டா ஒண்ணு இருந்துச்சு, அதை அட்டைத்துண்டுல ஒவ்வொண்ணா எழுதி, நல்லா கலைச்சு குலுக்கி, நாலு நாலா எடுத்து 750 சாம்பிள் ஆக்கி, ஒவ்வொண்ணுக்கும் சராசரி, விலக்கம் எல்லாம் போட்டு தன் கணக்கோட ஒத்துப் பாத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், யோசிச்சுப் பாருங்க, மூவாயிரம் அட்டை. 1908ல பயோமெட்ரிக்கா பத்திரிகைல வந்துச்சு, கம்பெனி ஆளுங்க சொந்த பேர்ல எழுதக்கூடாதுங்கிறதால "ஸ்டூடண்ட்"ங்கிற புனைபேர்ல. நாம இன்னைக்கும் ஸ்டூடண்ட்ஸ் டின்னு சொல்றது அதனாலதான், மாணவர்களுக்கானதுன்னு நினைச்சுட்டு இருந்தேன் நான் ரொம்ப நாள்.

டேபிள்ல வரிசையா பாத்தாலே அவர் கண்டுபிடிச்சது தெரியும். 4 சாம்பிள்னா 3.182, 10னா 2.262, 30னா 2.045, 130னா 1.979. எண்ணிக்கை ஏற ஏற 1.96 பக்கமா இறங்குது, ஏன்னா திட்ட விலக்கத்தை நல்லா அளந்துட்டோம், ஏமாத்து குறைஞ்சு போச்சு. 30க்கு மேல இசட் டெஸ்ட், அதாவது 1.96ஐயே எல்லையா வெக்கற சோதனை, போடலாம்னு புக்ல போட்டிருக்கறது டேபிள் ஒரு பக்கத்துல அடங்கணும்னு இருந்த காலத்து வசதி. இன்னைக்கு சாஃப்ட்வேர்ல போடும்போது எப்பவும் டி போட்டுட்டு போயிடுங்க, 30ங்கிற நம்பர்ல புனிதம் எதுவும் இல்ல. பரீட்சைல மட்டும் புக்ல இருக்கற மாதிரி எழுதுங்க.

இப்ப நான் சொந்தமா அடிபட்ட விஷயம் ஒண்ணு சொல்லணும், இதை எந்த புக்கும் அழுத்தி சொல்றதில்ல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு மசாலா பேக்கிங் யூனிட்ல குவாலிட்டி பாத்துட்டு இருந்தேன். 500 கிராம் பாக்கெட். ஒரு நாள் லைன்ல இருந்து 25 பாக்கெட் எடுத்து எடை போட்டா, கவர் எடைய கழிச்சது போக சராசரி 503 கிராம், திட்ட விலக்கம் ரெண்டரை கிராம். திட்டப்பிழை அரை கிராம், டி மதிப்பு 6. அப்பட்டமா நிராகரிப்பு, மெஷின் மூணு கிராம் கூட கொட்டுதுன்னு ரிப்போர்ட் எழுதுனேன், ஃபில்லர் செட்டிங்க குறைச்சாங்க. ரெண்டு வாரத்துல எடை கம்மின்னு கடைகள்ல இருந்து பாக்கெட் திரும்பி வர ஆரம்பிச்சுது. தேடி பாத்தா, அந்த மாசம் கவர் மாத்திருக்காங்க, பழைய கவர் 4 கிராம், புதுசு கொஞ்சம் தடி, 7 கிராம். தராசுல பழைய 4 கிராமையே கழிச்சுட்டு இருந்திருக்கோம். மசாலா சரியாத்தான் 500 இருந்துருக்கு, நான் அளந்தது மசாலாவையும் மூணு கிராம் பிளாஸ்டிக்கையும். கணக்குல ஒரு தப்பும் இல்ல தம்பி. டெஸ்ட் சொன்னதும் உண்மைதான், நான் அளந்த பொருளோட சராசரி 500 இல்ல. நான் அளந்தது எதுங்கிறது தான் தப்பு. அந்த 25ஐ 2500 ஆக்கியிருந்தா இன்னும் உறுதியா தப்பு பண்ணியிருப்பேன். வர்க்கமூலத்தால வகுக்கும்போது மேல கீழ ஆடுற பிழைதான் குறையும், எல்லா ரீடிங்கும் ஒரே பக்கமா சாஞ்சிருந்தா அது அப்படியே நிக்கும். புது கவரை தராசு மேல தனியா வெச்சப்போ 7.0ன்னு வந்த அந்த டிஸ்ப்ளே இன்னும் கண்ணுலயே இருக்கு.

98.6 கதைலயும் இதே கேள்வி இருக்கு. வுண்டர்லிஷ் அளந்தது அக்குள்ல, 1992ல அளந்தது வாய்ல, தெர்மாமீட்டரும் வேற, காலமும் வேற. அப்ப வித்தியாசம் அளந்த முறைலயா, இல்ல மனுஷன் உடம்பே மாறிப்போச்சா? 2020ல ஸ்டான்ஃபோர்ட்ல பழைய ரெக்கார்டெல்லாம் எடுத்து பாத்தவங்க, அமெரிக்காவுல பிறந்த வருஷம் பத்து பத்தா ஏற ஏற சராசரி சூடு 0.03 டிகிரி செல்சியஸ் மாதிரி குறைஞ்சுட்டே வருதுன்னு சொன்னாங்க, அதனால ஓரளவு உடம்பும் மாறியிருக்கலாம். டி மதிப்பு அஞ்சரைங்கிறது "98.6 இல்ல"ன்னு மட்டும் சொல்லும், ஏன் இல்லங்கிறதை ஆராய்ச்சி பண்றவன் தான் போய் தேடணும். இன்னொண்ணு, அந்த ஒரிஜினல் 700 ரீடிங்கை 700 பேர் மாதிரி நினைச்சு வர்க்கமூலம் போட்டுறக்கூடாது, 148 பேர்கிட்ட திரும்ப திரும்ப எடுத்தது அது, ஒரே ஆள்கிட்ட அஞ்சு தடவை எடுத்தா அஞ்சு ஆள் ஆயிடாது. ப்ராஜெக்ட்ல பசங்க அடிக்கடி பண்ற தப்பு இது.

அதே மாதிரி, அஞ்சரைன்னு வந்துடுச்சேன்னு இனிமே தெர்மாமீட்டரை தூக்கி போடவும் வேணாம். வித்தியாசம் மூணுல ஒரு பங்கு டிகிரி. காய்ச்சல் பாக்குற டாக்டருக்கு இது பெருசா எதையும் மாத்தாது, காலைலயும் சாயங்காலத்துலயும் ஒரே ஆளுக்கே அதை விட கூட மாறும். அதனால நான் எப்பவும் பி வேல்யூவோட நம்பிக்கை இடைவெளியும், அதாவது உண்மையான சராசரி எதுலருந்து எதுவரைக்கும் இருக்கலாம்ங்கிறதையும், சேத்து எழுதுன்னு சொல்வேன். 98.249க்கு ரெண்டு பக்கமும் 1.979 மடங்கு திட்டப்பிழை, 98.12லருந்து 98.38 வரைக்கும். இந்த ஒரு வரில 98.6 வெளிய நிக்கறதும் தெரியுது, எவ்வளவு தூரத்துல நிக்குதுங்கறதும் தெரியுது. பி வேல்யூ மட்டும் போட்டா ரெண்டாவது தெரியாது.

இப்ப பேட்டரி. திட்டப்பிழை 3ஐ 4ஆல வகுத்து 0.75 மணி. வித்தியாசம் ஒன்றரை மணி. ரெண்டு மடங்கு, மைனஸ் 2. ரெண்டு பேர் கணக்கும் சரி. நீங்க பாத்த 2.131 இருமுனை சோதனைக்கு, அதாவது "40 இல்ல, கூடவோ கம்மியோ"ன்னு கேட்டா. அதுக்கு பி வேல்யூ 0.064. ஃப்ரெண்டு பாத்த 1.753 ஒருமுனை, "40ஐ விட கம்மியா"ன்னு மட்டும் கேட்டா, பி வேல்யூ பாதி, 0.032. எது சரிங்கிறது கணக்குல இல்ல, கேள்வில இருக்கு. சீக்கிரம் தீந்துடுதுன்னு புகார், அதை சோதிக்கணும், அப்ப ஒருமுனை தான், 45 மணி ஓடுனா யாரும் புகார் குடுக்கப் போறதில்ல. ஆக ஃப்ரெண்டு பண்ணதுதான் அந்த கேள்விக்கு பொருத்தம். ஆனா ஒரு நிபந்தனை, அவர் கேள்விய படிச்சவுடனே ஒருமுனைன்னு முடிவு பண்ணியிருக்கணும். முதல்ல 2.131ஐ பாத்து, தாண்டலன்னு தெரிஞ்சப்புறம் 1.753க்கு தாவியிருந்தா அது தப்பு, மைனஸ் வந்தா இந்த பக்கம் பிளஸ் வந்தா அந்த பக்கம்னு டேட்டாவ பாத்துட்டு பக்கம் மாத்துனா, 5 சதவீதம்னு சொல்லிட்டு உண்மையில 10 சதவீதம் தப்பு பண்ண இடம் குடுக்கறோம். வேலைக்கு போனப்புறம் இது ரொம்ப ஆசை காட்டும், ஜாக்கிரதையா இருங்க.

அதோட 0.064க்கும் 0.032க்கும் நடுவுல 0.05ன்னு ஒரு கோடு இருக்கறதால ஒருத்தர் பக்கம் உண்மை ஒருத்தர் பக்கம் பொய்னு நினைக்க வேணாம். அந்த 0.05 புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1925ல தன் புத்தகத்துல வசதியான எல்லைன்னு சொன்னது, அப்படியே ஒட்டிக்கிச்சு. உங்க 16 பேட்டரி சொல்றது என்னன்னா, சராசரி ஆயுள் 36.9லருந்து 40.1 மணிக்குள்ள எங்கயோ இருக்கலாம். 40 அந்த ஓரத்துல தொத்திக்கிட்டு இருக்கு. நானா இருந்தா இன்னும் ஒரு 20 பேட்டரிய ஓட்டிப் பாருங்கன்னு சொல்லுவேன், அதையும் புதுசா ஒரு தனி சோதனையா, முதல் 16ஐ கூட சேக்காம.

விடைத்தாள்ல இப்படி எழுதுங்க: "டி மதிப்பு மைனஸ் 2, ஒருமுனை எல்லை மைனஸ் 1.753. எனவே 5 சதவீத அளவில் இன்மை கருதுகோளை நிராகரிக்கிறோம். சராசரி ஆயுள் 40 மணி நேரத்தை விட குறைவு என்பதற்கு இந்த மாதிரியில் ஆதாரம் உள்ளது." இருமுனைன்னு கேட்டிருந்தா எல்லை 2.131 ஆகும், "நிராகரிக்கிறோம்"ங்கிற வரி போயிடும், கடைசி வரி இப்படி மாறும்: "சராசரி 40 மணி இல்லை என்று சொல்ல இந்த 16 பேட்டரிகளில் போதுமான ஆதாரம் இல்லை." எந்த இடத்துலயும் "ஏற்கிறோம்" வராது.